நாலு பைசா பங்கு: நெ.து.சு. என்றொரு கல்வி இயக்குநர்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அவசரத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 15 வந்தால் நம் குழுக்களில் காமராசர் படமும், மதிய உணவுச் செய்தியும், அந்த ஆடு மேய்க்கும் சிறுவன் கதையும் சுற்றிச் சுற்றி வரும். வரட்டும், நல்லதுதான். இந்த வருஷம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன் (பையன் என்கிறேன், இப்போது அவனே ஒரு பள்ளியில் தலைமையாசிரியர்) கேட்டான்: "டீச்சர், காமராசர் சொன்னார், சரி. ஊர் ஊராப் போய்ச் செஞ்சது யாரு?" கேள்வியைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களிலேயே பாதிப் பேருக்கு இதற்குப் பதில் தெரியாது. நெ.து. சுந்தரவடிவேலு. எங்கள் காலத்து ஆசிரியர்கள் வாயில் 'நெ.து.சு.'

சென்னையில் கல்லூரிச் சாலையில் இருக்கும் டி.பி.ஐ. வளாகம் உங்களில் பலருக்குத் தெரியும். போராட்டத்துக்கு உட்கார்ந்தவர்களும் இருக்கிறீர்கள். டி.பி.ஐ. என்பது ஒரு பதவியின் பெயர். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வந்தது. மாகாணம் முழுவதுக்குமான பொதுக்கல்வி இயக்குநர். அந்த நாற்காலியில் 1954-இல் வந்து உட்கார்ந்தவர்தான் இவர். அப்போது அவருக்கு நாற்பதைக் கொஞ்சம் தாண்டிய வயது.

பெயரிலேயே ஊர் இருக்கிறது. 'நெ' என்பது நெய்யாடுபாக்கம், காஞ்சிபுரத்துப் பக்கம் ஒரு கிராமம். 'து' தந்தை துரைசாமி. பிறந்தது 1912. கிராமத்துப் பிள்ளையாகப் படித்து வந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்தார். பஞ்சாயத்து அலுவலராகச் சில காலம் இருந்துவிட்டுக் கல்வித் துறைக்கு வந்தார். பள்ளிகளைப் பார்வையிடும் வேலை, மாவட்டக் கல்வி அலுவலர் என்று படிப்படியாக மேலே போனவர். மேசைக்கு வரும் ஃபைலில் மட்டும் பள்ளிக்கூடத்தைப் பார்த்தவர் இல்லை. இதை எதற்கு அழுத்திச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

அந்தக் காலத்து டெபுடி இன்ஸ்பெக்டர் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. அவர் வருகிறார் என்றால் தரை மெழுகி, பிள்ளைகளுக்குத் தலை வாரி, வராத பிள்ளையை வீட்டிலிருந்து தூக்கி வந்து உட்கார வைப்பார்கள். வருகைப் பதிவேட்டில் ஐம்பது பேர் இருப்பார்கள், எதிரே இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். மீதி முப்பது பேர் எங்கே என்று கேட்பது இன்ஸ்பெக்டரின் வேலை. பலர் அதோடு ஒரு குறிப்பு எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த முப்பது பேரும் மாடு மேய்க்கிறார்கள், தம்பி தங்கையைத் தூக்கி வைத்திருக்கிறார்கள், களை எடுக்கிறார்கள், ஏனென்றால் வீட்டில் மத்தியானக் கஞ்சிக்கு அவர்கள் உழைப்பும் வேண்டியிருக்கிறது என்பதுவரை யோசித்தவர்கள் குறைவு. யோசித்தவர்களில் ஒருவர் இயக்குநரானதுதான் நம் அதிர்ஷ்டம்.

அவர் பதவிக்கு வந்த சமயத்தையும் சொல்ல வேண்டும். 1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் அரை நாள் படிப்பு என்று ஒரு திட்டம் வந்தது. பிள்ளை மூன்று மணி நேரம் பள்ளியில் இருக்கும், மீதி நேரம் வீட்டுத் தொழிலைப் பழகும். இருக்கிற ஆசிரியரை வைத்துக்கொண்டு இரண்டு ஷிப்டாகக் கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அதன் கணக்கு. பணமில்லாத அரசுக்கு அது ஒரு வழிதான், மறுக்கவில்லை. ஆனால் செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்பு, சிரைப்பவர் பிள்ளை கத்தி என்று ஆகிவிடுமே என்று நாடே கொதித்தது. 'குலக்கல்வி' என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. 1954 ஏப்ரலில் காமராசர் முதல்வரானார், அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம்.

திட்டத்தைக் கைவிட்டாயிற்று, சரி. ஆனால் அந்தத் திட்டம் எதற்காக வந்ததோ அந்தப் பிரச்சினை அப்படியே நிற்கிறதே! பள்ளிக்கு வெளியே பாதிக்கு மேல் பிள்ளைகள். கையில் காசு இல்லை. 1951 கணக்கெடுப்பில் நம் தமிழ்நாட்டுப் பகுதியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 21 பேர். முழு நாள் பள்ளி வேண்டும், எல்லாப் பிள்ளையும் வர வேண்டும் என்றால் எப்படி? அந்த 'எப்படி'க்குப் பதில் தேடும் வேலை இயக்குநர் தலையில் விழுந்தது.

பள்ளியில் சோறு போடுவது அன்றைக்குப் புது யோசனை அல்ல. 1920-லேயே சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. சில ஆண்டுகளில் வெள்ளைக்கார அரசு, தொடக்கக் கல்வி நிதியை இதற்குச் செலவழிக்கக்கூடாது என்று சொல்லி நிறுத்த வைத்தது. பிறகு மறுபடி சின்ன அளவில் நடந்தது. ஆக, மாநகரத்தில் முன்மாதிரி இருந்தது. பட்டிதொட்டி முழுக்க எப்படிக் கொண்டுபோவது? அரசு முழுப் பணமும் போடட்டும் என்றால் நிதித்துறை கதவைச் சாத்திவிடும். தர்மத்துக்கு விட்டுவிடலாம் என்றால் நாலு மாதத்தில் அடுப்பு அணைந்துவிடும்.

முதலில் ஊர்க்காரர்களை நம்பித்தான் ஆரம்பித்தார்கள். 1956-இல் எங்கள் பக்கத்து எட்டயபுரத்தில், பாரதி பிறந்த மண்ணில், காமராசர் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். பிள்ளைகளுக்குச் சோறு போட ஊர் ஊராகப் பிச்சை எடுக்கவும் தயார் என்று அவர் பேசியதாக எங்கள் அப்பா தலைமுறை சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகும். கரிசல் காடு எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? வானம் பார்த்த பூமி. மழை தப்பினால் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. அந்தப் பூமியில் 'உங்கள் பிள்ளைகளுக்கு நீங்களே சோறு போடுங்கள்' என்று கேட்கப் போனார்கள். போட்டார்கள்!

1957 நவம்பரிலிருந்து அரசு மானியம் வந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 10 புதுப் பைசா. அதில் அரசு 6 பைசா தரும், ஊர் 4 பைசா தர வேண்டும். அந்த வருஷம்தான் நயா பைசாவே வந்திருந்தது. கடைக்காரரே அணாவுக்கு எத்தனை பைசா என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த நேரம்.

இந்த நாலு பைசாவைத்தான் நான் இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கணக்குப் பாடம் எடுத்தவள் இல்லையா, கணக்காகவே சொல்கிறேன். ஒரு பள்ளியில் 30 ஏழைப் பிள்ளைகள், ஆண்டுக்கு 200 நாள் என்று வையுங்கள். ஊர்ப் பங்கு ஒரு நாளைக்கு 1 ரூபாய் 20 பைசா. வருஷத்துக்கு 240 ரூபாய். ஊர் கூடினால் முடிகிற தொகை, ஆனால் சும்மா கிடைக்கிற தொகையும் இல்லை. அறுவடை நேரத்தில் களத்துமேட்டில் மரக்கால் மரக்காலாகத் தானியம் வாங்கினால்தான் கூடும். வீட்டுக்கு வீடு தினமும் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தால்தான் கூடும். யாரோ ஒருவர் அதைக் கேட்கப் போக வேண்டும், ஒருவர் கணக்கு எழுத வேண்டும், ஒருத்தி சமைக்க வேண்டும், ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து எட்டிப் பார்க்க வேண்டும். நாலு பைசா கொடுத்த ஊருக்குப் பள்ளிக்கூடத்தின் வாசல்படி ஏறிக் கேள்வி கேட்கும் உரிமை வந்துவிடுகிறது. "என் கம்பு எங்கே போச்சு? வாத்தியார் ஏன் ரெண்டு நாளா வரலை?" அதுவரை இன்ஸ்பெக்டர் மட்டும் கேட்ட கேள்வியைக் கம்பு அளந்தவர் கேட்க ஆரம்பித்தார்.

நிதி போதாமையால் வந்த ஏற்பாடுதான் இது, சந்தேகமே இல்லை. ஆனால் வெறும் பணக்கஷ்டம் மட்டும் இல்லை. விருதுநகரில் காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை பிடியரிசியில் நடந்த பள்ளி. பெண்கள் சோறாக்க அரிசி எடுக்கும்போது பள்ளிக்கென்று ஒரு பிடி தனியே எடுத்து வைப்பார்கள். அந்தப் பிடியரிசியின் பலம் என்ன என்று முதலமைச்சருக்குத் தெரியும். வராத முப்பது பிள்ளை எங்கே என்று இயக்குநருக்குத் தெரியும். ஆறாம் வகுப்போடு நின்ற ஒருவரும் எம்.ஏ. படித்த ஒருவரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள்.

என் பெரியக்கா 1958-இல் பள்ளிக்குப் போனது இந்தச் சோற்றுக்காகத்தான். அம்மாவே சொல்வாள், "படிக்கவா அனுப்புனேன், ஒரு வாய் மிச்சம்னு அனுப்புனேன்" என்று. அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். ஆனால் ஐந்து வகுப்புப் படித்த அக்காதான் என்னை எட்டாம் வகுப்பைத் தாண்ட வைத்தவள்.

இதையெல்லாம் படித்துவிட்டு அந்தக் காலம் பொற்காலம் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறு கிடையாது. ஏழைப் பிள்ளை என்று ஆசிரியர் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்குத்தான். யார் ஏழை என்று சொல்வதில் எத்தனை சண்டை வந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். யார் சமைப்பது, யார் பரிமாறுவது, யார் எங்கே உட்காருவது என்பதில் சாதி புகுந்த ஊர்கள் உண்டு. ஒரே வரிசையில் உட்கார்ந்து தின்கிறார்களே என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு, சண்டை போட்டுவிட்டு மறுநாள் பசியால் அனுப்பியவர்களும் உண்டு. மழை பொய்த்த ஊரில் நாலு பைசா வரவில்லை என்றால் அடுப்பு எரியாது. அதாவது சோறு அதிகம் தேவைப்பட்ட ஊரில்தான் சோறு முதலில் நின்றது. இது அந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை. வாத்தியாரின் பாடு இன்னொன்று. பாடம் நடத்தி, பதிவேடு எழுதி, சாயங்காலம் சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு தானியம் கேட்கப் போக வேண்டும். தருகிறவர் வீட்டுத் திண்ணையில் காத்திருக்க வேண்டும். அந்தத் திண்ணையில் எல்லா வாத்தியாரையும் உட்காரச் சொல்லவும் மாட்டார்கள். புரிகிறதல்லவா?

1961-இல் 'கேர்' என்ற அமெரிக்க அமைப்பின் உணவுப் பொருள்கள் வந்தன. பால் பவுடர், எண்ணெய், மக்காச்சோள மாவு. என் வயதுக்காரர்கள் அதைத் தின்று வளர்ந்தவர்கள்தான். இரண்டு கை குலுக்குகிற படம் போட்ட எண்ணெய் டின் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தண்ணீர் மொள்ளும் பாத்திரமாக இருந்தது. அந்த மஞ்சள் மாவு உப்புமாவின் வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது, நல்லவிதமாகத்தான்.

அடுத்து பள்ளிச் சீரமைப்பு இயக்கம். மதிய உணவை எல்லோரும் பேசுகிறார்கள், இதைப் பேசுவதில்லை. ஆனால் நெ.து.சு.வின் முத்திரை இதில்தான் அதிகம் என்பது என் கருத்து. சோற்றுக்குக் கை நீட்டிய ஊர்க்காரரிடம் பள்ளிக் கட்டடத்துக்கும் கேட்டால் என்ன? 1958 ஜனவரியில் திருவள்ளூர் பக்கம் கடம்பத்தூரில் முதல் சீரமைப்பு மாநாடு நடந்தது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் மாநிலம் முழுக்க நூற்றுக்கு மேல் நடந்தன. நடைமுறை எப்படி என்றால், மாநாட்டுக்குச் சில மாதம் முன்பே அந்த வட்டாரத்து ஒவ்வொரு பள்ளியும் தன் தேவையைப் பட்டியல் போட வேண்டும். கூரை, கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், உலக உருண்டை, மணி, கிணறு, விளையாட நிலம், பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி. ஒவ்வொன்றுக்கும் என்ன விலை ஆகும் என்றும் எழுத வேண்டும். பிறகு கல்வி அதிகாரிகளும் ஆசிரியர்களும் ஊரைக் கூட்டி ஒவ்வொன்றாகப் பேசி, இது உங்கள் பொறுப்பு, இது இவர் பொறுப்பு என்று ஏற்கச் செய்ய வேண்டும். மாநாட்டு நாளில் கொடை தந்தவர்களை மேடையில் ஏற்றிச் சிறப்பிப்பார்கள். முதலமைச்சரே வந்து உட்கார்ந்திருப்பார். ஒரு மாடு விற்று நாற்காலி வாங்கிக் கொடுத்தவரும் அதே மேடை, மில் முதலாளியும் அதே மேடை.

நம் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு 'உபயம்' என்று பெயர் எழுதியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிவிட்டார் மனிதர். இதில் வேடிக்கை என்னவென்றால் நெ.து.சு. கடவுள் நம்பிக்கை இல்லாதவர். பெரியாரின் தொண்டர் என்று ஊர் அறிந்தவர். குத்தூசி குருசாமி அவர்களின் துணைவி குஞ்சிதம் அம்மையாரின் தங்கை காந்தம்மாவைச் சாதி மறுத்துச் சுயமரியாதை முறையில் மணந்தவர். அரசு உத்தியோகத்தில் இருந்துகொண்டு அந்தக் காலத்தில் அப்படி இருப்பது சாதாரணமில்லை. ஆனால் கோயிலுக்குக் கொடுத்துப் பழகிய கைகளை அவர் பகைத்துக்கொள்ளவில்லை. அந்தக் கைகளிடமே பெஞ்சும் கரும்பலகையும் கேட்டார். கொள்கையை விடாமலும், கொள்கையைக் காட்டி வேலையைக் கெடுக்காமலும் இருப்பது எப்படி என்பதற்கு நான் அவரைத்தான் உதாரணம் சொல்வேன்.

குறை சொன்னவர்களும் இருந்தார்கள். அரசு செய்ய வேண்டியதை ஊர் தலையில் கட்டுகிறார்கள் என்றார்கள். பணக்கார ஊர்ப் பள்ளி இன்னும் பெரிதாகும், காலனிப் பள்ளிக்குக் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்றார்கள். இரண்டாவது கேள்வி நியாயமானது. அதற்கு முழுப் பதில் அந்த இயக்கத்தில் இல்லை என்பதுதான் என் எண்ணம். கொடை இருக்கிறவர் இருக்கும் இடத்துக்குத்தான் போகும். அதைச் சமன் செய்ய அரசுப் பணத்தால்தான் முடியும். முதல் குற்றச்சாட்டை நான் அவ்வளவாக ஏற்க மாட்டேன். ஏனென்றால் அதே வருஷங்களில் அரசும் சும்மா இருக்கவில்லை. பள்ளி இல்லாத சிற்றூர்களைத் தேடித் தேடி, குழந்தை ஒரு மைல் நடந்தால் எட்டுகிற தூரத்தில் தொடக்கப் பள்ளி என்று திறந்துகொண்டே போனார்கள். பல இடத்தில் ஓராசிரியர் பள்ளிதான். கட்டடம் இல்லாத இடத்தில் சாவடியிலும் மரத்தடியிலும் ஆரம்பித்தார்கள்.

ஓராசிரியர் பள்ளியைப் பற்றி என்னிடம் கேளுங்கள். பணிக்குச் சேர்ந்த முதல் நாலு வருஷம் அப்படி ஒரு ஒன்றியப் பள்ளியில்தான் இருந்தேன். ஒரே அறையில் ஐந்து வகுப்பு. கரும்பலகையின் முன்பக்கம் மூன்றாம் வகுப்புக் கணக்கு, பின்பக்கம் ஐந்தாம் வகுப்புக்கு வரைபடம். ஒன்றாம் வகுப்புக்கு மணலில் 'அ' எழுதப் பெரிய பிள்ளைகளில் ஒருத்தி. தரம் என்று பார்த்தால் குறைதான். ஆனால் அந்தப் பள்ளி அங்கே இல்லையென்றால் அந்த நாற்பது பிள்ளைகளுக்கும் பள்ளியே இல்லை. தரமா, எண்ணிக்கையா என்று கருத்தரங்கில் கேட்பவர்களுக்கு இது விளங்காது. 1961 கணக்கெடுப்பில் எழுத்தறிவு நூற்றுக்கு 31 ஆகியிருந்தது. பத்து வருஷத்தில் பத்துப் பேர் கூடினார்கள்.

எங்களைப் போன்ற ஆசிரியர்கள் இன்னொன்றுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அதற்கு முன் உதவி பெறும் பள்ளி ஆசிரியர் ஓய்வு பெற்றால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முப்பது வருஷம் ஊருக்கே எழுத்தறிவித்தவர் கடைசிக் காலத்தில் மகன் கையை எதிர்பார்க்கும் நிலை. 1955-இல் ஓய்வூதியம், சேமநிதி, ஆயுள் காப்புறுதி மூன்றும் சேர்ந்த திட்டம் இங்கே வந்தது. இந்தியாவில் மற்ற மாநிலங்களுக்கு முன்னால் வந்தது. தொகை சிறியதுதான். ஆனாலும் வாத்தியார் வேலைக்குப் பெண் கொடுக்கலாம் என்ற நிலை அதற்குப் பிறகுதான் கிராமத்தில் வந்தது என்று எங்கள் தலைமையாசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வார். 2003 ஏப்ரலுக்குப் பிறகு பணியில் சேர்ந்து பங்களிப்பு ஓய்வூதியத்தில் மாட்டிய என் பிள்ளைகளுக்கு இந்த வரியைப் படிக்கும்போது வயிறு எரியும். தெரியும்.

மொழி விஷயத்தில் அவர் நிலைப்பாடு தெளிவானது: பாடம் தமிழில், கல்லூரி வரைக்கும் தமிழில். 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ் வழியில் பட்டப் படிப்பு தொடங்கியது. அந்த முயற்சிக்கு உறுதுணையாக நின்றவர்களில் அவர் ஒருவர். பாடநூல் இல்லை, கலைச்சொல் இல்லை என்று சொன்னவர்களுக்கு, ஆரம்பித்தால்தானே வரும் என்பது அவர் கட்சி. நீந்தக் கற்றபின் ஆற்றில் இறங்குகிறேன் என்பவனை என்ன செய்வது?

ஆனால் ஆங்கிலத்தை அவர் ஒதுக்கவில்லை. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அவர் காலத்தில்தான், 1959-ஐ ஒட்டி, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் முறையில் பெரிய பயிற்சி நடந்தது. பிரிட்டிஷ் கவுன்சில் உதவியோடு முதலில் கொஞ்சம் பேருக்குப் பயிற்சி, அவர்கள் போய் இன்னும் பலருக்கு, அவர்கள் மற்றவர்களுக்கு. உருள உருளப் பெருக்கும் பனிப்பந்து மாதிரி 27,000 ஆசிரியர்களை எட்ட வேண்டும் என்று இலக்கு. கல்வி உலகில் அதற்கு 'மெட்ராஸ் பனிப்பந்து' என்றே பெயர். இலக்கணத்தை உருப்போடாமல் வாக்கிய அமைப்புகளைச் சொல்லிச் சொல்லிப் பழக்கும் முறை. கையில் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி "திஸ் இஸ் எ புக்", மேசையைத் தட்டி "திஸ் இஸ் எ டேபிள்" என்று நாங்கள் உங்களிடம் கத்தினோமே, அது எங்கள் வாத்தியார்கள் அந்தப் பயிற்சியில் வாங்கி வந்து எங்களுக்குக் கொடுத்தது. தமிழில் சிந்தி, ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்றாகக் கற்றுக்கொள் என்பதே அவர் வழி. ஆங்கில வழியில் சேர்த்தால்தான் ஆங்கிலம் வரும் என்று பேரப்பிள்ளைகளுக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் என் தம்பி தங்கைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். என் அபிப்பிராயம் உங்களுக்குத் தெரிந்ததுதானே.

பொதுக்கல்வி இயக்குநரே பொது நூலக இயக்குநரும்கூட. வீட்டு வரியோடு வாங்கும் நூலக வரியைக் கொண்டு சிற்றூர்களில் கிளை நூலகங்கள் பெருகியதும் அந்த ஆண்டுகளில்தான். 1961-இல் பத்மஸ்ரீ. பிறகு 1969 முதல் 1975 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். ஓய்வுக்குப் பின் 'நினைவு அலைகள்' என்று தன் வரலாறு எழுதினார். மூன்று பாகம், பெரிய புத்தகம்; நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் படியுங்கள். 1993-இல் காலமானார்.

நாலு பைசாவுக்கு வருகிறேன். 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். திருச்சி பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கினார். அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆள் போட்டார்கள். அரிசியும் பருப்பும் அரசிடமிருந்து வந்தன. வாத்தியார் சாக்குப்பையைக் கீழே வைத்தார். மழை பொய்த்தாலும் அடுப்பு எரியும். ஏழை யார் என்ற சண்டை இல்லை, வந்த பிள்ளைக்கெல்லாம் சோறு. எத்தனையோ விதவைப் பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் வேலை. நெ.து.சு. திட்டத்தில் நான் சொன்ன பெரிய ஓட்டையை அடைத்தது அதுதான். நான் பணியில் சேர்ந்தது அதற்குப் பிறகு. சத்துணவு இல்லாத பள்ளியை ஒரு நாள்கூட நடத்த வேண்டிய கஷ்டம் எனக்கு வரவில்லை. இப்போது 2022 செப்டம்பர் முதல் காலை உணவும் வந்துவிட்டது. மத்தியானம் பதினோரு மணிக்கே தலை சுற்றுகிறது என்று பெஞ்சில் சாயும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் ஊர் போய்விட்டது. 1982-க்குப் பிறகு ஊர்ப் பங்கு இல்லை, ஊர்க் கேள்வியும் மெல்ல மெல்ல நின்றது. பள்ளிக்கூடம் என்பது அரசாங்கத்துடையது, வாத்தியார் அரசாங்கத்து ஆள், நல்லதோ கெட்டதோ மேலே இருப்பவன் பார்த்துக்கொள்வான் என்றாகிவிட்டது. பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, சட்டப்படி. கையெழுத்து வாங்க நான் எத்தனை வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்று இப்போது அரசே கொடை வாங்கும் திட்டம் வைத்திருக்கிறது. நல்ல திட்டம்தான். இணையத்தில் பணம் கட்டலாம், வெளிநாட்டில் இருக்கும் என் மாணவர்கள் சிலரே கட்டியிருக்கிறார்கள். கம்பெனிகள் கட்டடம் கட்டிக் கொடுக்கின்றன. ஆனால் துபாயிலிருந்து பணம் அனுப்புகிறவன் "வாத்தியார் ஏன் ரெண்டு நாளா வரலை?" என்று வாசல்படி ஏறிக் கேட்க முடியாது. அதே தெருவில் இருப்பவனின் பிள்ளையோ மஞ்சள் வண்டியில் ஏறி டவுன் பள்ளிக்குப் போய்விட்டது.

பத்துப் பிள்ளை, பதினைந்து பிள்ளை என்று குறைந்துபோன ஒன்றியப் பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு இணைக்கலாம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் ஆசிரியர் சங்கம் குரல் கொடுக்கிறது, கட்சிகள் அறிக்கை விடுகின்றன. அந்த ஊர் என்ன சொல்கிறது என்று போய்ப் பார்த்தால், பல இடத்தில் ஒன்றும் சொல்வதில்லை. 1958-இல் மாடு விற்று நாற்காலி போட்டவரின் பேரன்தான் அங்கே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். தாத்தா போட்ட நாற்காலி அந்தப் பள்ளியில்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

சோற்றை அரசு போடட்டும், அதில் ஊர்ப் பங்கு வேண்டவே வேண்டாம். பசிக்கும் மழைக்கும் முடிச்சுப் போடக் கூடாது. ஆனால் வேறு ஏதோ ஒன்றில் ஊருக்கு ஒரு பங்கு வைத்திருக்கலாம். பணமாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. வாரத்துக்கு ஒருவர் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவதாகக்கூட இருக்கலாம். கல்வித் துறையில் இப்போது அலுவலர்களாக இருக்கும் என் பிள்ளைகள் மூன்று பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்குத்தான் சொல்கிறேன். ஆய்வுக்குப் போகும்போது செயலியில் வருகையைப் பதிவு செய்துவிட்டுக் கிளம்பிவிடாமல், ஊருக்குள் ஒரு தரம் நடந்துவிட்டு வாருங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர்ப் பழைய பள்ளியில் ஐம்பதுகளின் கடைசியிலோ அறுபதுகளிலோ யாரோ கொடுத்த மணி, பீரோ, கடிகாரம், கல்வெட்டு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பெயிண்டில் பெயர் எழுதியிருப்பார்கள், பாதி அழிந்திருக்கும். படம் எடுத்து இங்கே போடுங்கள். வீட்டில் எழுபது எண்பது வயதுப் பெரியவர்கள் இருந்தால், பள்ளிக்கு யார் யார் தானியம் கொடுத்தார்கள், யார் சமைத்தது, என்ன குழம்பு என்று கேட்டு எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை, இந்த ஒரு தடவை மதிப்பெண் குறைக்க மாட்டேன்.